பரிசளிப்பு விழா முடிந்ததும் கலைந்துவிடும் மாணவர்களை எது தொடர்ந்து இயக்கும்?

கேள்வி: கலைக்கழக ஆசிரியை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் காட்சிக்கலைக் கல்வி கற்பிக்கிறேன். ஓவியமும் குறும்படமும் சேர்ந்த ஒரு கழகத்தையும் புறப்பாட நடவடிக்கையாக நடத்தி வருகிறேன். கழகத்து மாணவர்களில் பெரும்பாலோர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு குடும்பங்கள் குடியேறிய தாமான் எனப்படும் குடியிருப்புகளிலிருந்தும் வருகிறவர்கள். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்கள். அப்பா ஈப்போவில் தொழிற்சாலையிலோ லாரியிலோ வேலை செய்பவர். வீட்டில் ஓவியரோ இயக்குநரோ இருந்ததாக எவரும் சொன்னதில்லை.

போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டால் இந்தப் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்த முடியாது. பேருந்து போன பிறகும் பள்ளியிலேயே இருந்து படத்தொகுப்பு செய்கிறார்கள். சனிக்கிழமைகளில் கூப்பிடாமலேயே வந்து நிற்கிறார்கள். முடிவு வெளியாகி, மேடையில் நற்சான்றிதழ் வாங்கி, அந்தப் புகைப்படமும் முகநூலில் ஏறிவிட்டால், அடுத்த வாரமே கழக அறை காலியாகிவிடுகிறது. தோற்றவர்கள் வராமல் போவதற்காவது காரணம் கற்பித்துக்கொள்ளலாம். வென்றவர்களும் அல்லவா வருவதில்லை! இதற்கு நடுவே எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்காத ஒரு மாணவன் மட்டும் தன் பாட்டியின் பால்வெட்டுக் கத்தியைக் கொண்டுவந்து, சன்னலோரத்தில் ஒரு நாள், குழல் விளக்கின் கீழ் ஒரு நாள் என்று வரைந்துகொண்டே இருக்கிறான். மடிந்து வளையும் அந்த நுனியில் வெளிச்சம் எந்த இடத்தில் முறிகிறது என்பது தனக்கு இன்னும் பிடிபடவில்லை என்கிறான். அது பிடிபடும்வரை வேறு எதையும் வரைவதாக இல்லையாம்.

வெளியூரிலிருந்து ஊக்கப் பேச்சாளர் ஒருவரை அழைக்கலாம் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. கலை பயிலும் மாணவர்களை உண்மையில் எது தூண்டுகிறது, தூண்டியது எதனால் நின்றுவிடுகிறது என்பதைத் துறையில் இருப்பவர்களும் பெற்றோரும் மாணவர்களும் தங்கள் அனுபவத்திலிருந்து எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஒளியமைப்பாளர், கோலாலம்பூர்

வணக்கம் டீச்சர். நானும் அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்து வீட்டில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) வளர்ந்தவன்தான். இப்போது தொலைக்காட்சி நாடகங்களுக்கு ஒளியமைப்பு செய்கிறேன். உங்கள் கேள்விக்கான விடையில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். கத்தியை வரையும் மாணவனிடம் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. அதை அவனே கண்டுபிடித்துக்கொண்டான். போட்டிக்குப் படமெடுப்பவர்களுக்கோ தலைப்பையும் நீளத்தையும் இறுதி நாளையும் மற்றவர்களே முடிவு செய்து கொடுத்துவிடுகிறார்கள். இறுதி நாள் கடந்ததும் அவர்கள் யோசிப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவைப் பற்றி உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் படமெடுக்க வங்காளத்துக்கு வந்தபோது, இளைஞரான மித்ரா கேமரா உதவியாளராகச் சேர முயன்றும் இடம் கிடைக்கவில்லை. படப்பிடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் அனுமதி கிடைத்தது. அவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. விளக்கு எங்கே நின்றது, கேமரா எப்படி நகர்ந்தது, நடிகர் எந்த இடத்தில் திரும்பினார் என்றெல்லாம் குறிப்பேட்டில் படம் போட்டு எழுதிக்கொண்டே இருந்தார். 1952-இல் ‘பதேர் பாஞ்சாலி’ படப்பிடிப்பு தொடங்கியபோது, அதற்கு முன் திரைப்படக் கேமராவை இயக்கியே அறியாத அவரிடம்தான் ராய் ஒளிப்பதிவை ஒப்படைத்தார். ராய் அப்போது விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பணம் தீர்ந்து வேலை நின்றுபோவதும் மீண்டும் தொடங்குவதுமாக இழுத்து, மேற்கு வங்க அரசு கைகொடுத்த பிறகே 1955-இல் படம் வெளிவந்தது.

நான் சொல்ல வந்தது அடுத்த ஆண்டு வெளியான ‘அபராஜிதோ’ படத்தில் நடந்தது. காசியில் உள்ள ஒரு வீட்டின் முற்றத்தை அரங்கத்துக்குள் அமைத்திருந்தார்கள். திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சத்துக்கு அழுத்தமான நிழல் கிடையாது; ஆனால் அரங்கத்து விளக்கை நேராகப் பாய்ச்சினால் ஆளுக்கு இரண்டு மூன்று நிழல்கள் விழும். மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் பாய்ச்சி, பட்டுத் திரும்பிய ஒளியில் படமெடுத்தார். விளக்கும் துணியும் எல்லா அரங்கத்திலும் இருந்தவைதான். வானொளி அப்படி விழாது என்ற உறுத்தல் அவருக்குத் தீராமல் இருந்ததால்தான் அந்த வழி பிறந்தது.

இதைச் சொற்பொழிவாகச் சொல்லாமல் ஒரு வேலையாகக் கொடுத்துப் பாருங்கள். ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு கைவிளக்கும் போதும். ஒரே முகத்தை முதலில் நேரடி வெளிச்சத்திலும், பிறகு வேட்டியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்திலும் கைப்பேசியில் எடுக்கச் சொல்லுங்கள். முதல் படத்தில் மூக்கின் நிழல் கன்னத்தில் கருப்பாகக் கிடக்கும். இரண்டாவதில் அது கரைந்து, கண்ணின் கருவிழியில் வேட்டியின் வெண்மை சிறு சதுரமாகத் தெரியும். அந்தச் சதுரத்தைத் தானே கண்டுபிடிக்கும் மாணவர், அன்றிரவு தொலைக்காட்சியில் ஒவ்வொரு நடிகையின் கண்ணையும் உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடுவார். இன்னொன்று, குழல் விளக்கின் கீழ் எடுத்த காட்சியில் வெளிச்சம் பட்டை பட்டையாகத் துடிப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் வேகம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் அந்தத் துடிப்பு அடங்கிவிடும். ஆனால் இந்த விடையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். துடிப்பைப் பார்த்து எரிச்சல்பட்டு அவர்களே வந்து கேட்கும்வரை பொறுத்திருங்கள். கேட்காதவரிடம் சொன்னால் அது தேர்வுக்கு மனனம் செய்யும் குறிப்பாகிவிடும்.

மறுமொழி: ஆலோசக ஆசிரியர், கூலிம்

சான்றிதழைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதைப் பற்றி உளவியலில் பெயர்பெற்ற ஆய்வொன்று உண்டு. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகிய மூவர், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில், வண்ணப் பேனாக்களால் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொல்லப்பட்டது. இரண்டாவது குழுவினருக்கு அதே சான்றிதழ் எதிர்பாராமல் கொடுக்கப்பட்டது. மூன்றாவது குழுவினருக்கு எதுவும் இல்லை. சில நாள்கள் கழித்து, சான்றிதழ் பற்றிய பேச்சே இல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்திருந்த குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை.

பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் கண்டதை அப்படியே படிவம் 4-இல் படிக்கும் பதின்வயது மாணவர்கள்மேல் ஏற்றிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆர்வமே இல்லாதவரைத் தொடக்கத்தில் உள்ளே இழுத்துவர ஒரு பரிசு உதவக்கூடும். ஆனால் உங்கள் கழகத்தில் வென்றவர்களும் காணாமல் போவது எனக்கு வியப்பளிக்கவில்லை. கத்தி வரையும் மாணவனை அடுத்த போட்டிக்கு அனுப்பலாமே என்று யாராவது அன்போடு சொன்னால், தயவுசெய்து கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

மறுமொழி: ஆறாம் படிவ மாணவி, தாப்பா

டீச்சருக்கும் மற்றப் பெரியவர்களுக்கும் வணக்கம். எங்களைப் பற்றியே எல்லோரும் எழுதுவதால் நானும் எழுதலாம் என்று துணிகிறேன்.

எங்களில் பலர் கலைப் பக்கம் வந்தது பால்மரத்தையோ பாட்டியின் கத்தியையோ பார்த்து அன்று. ஜப்பானிய அனிமேஷன், கொரிய நாடகம், கணினி விளையாட்டுகளின் முன்னோட்டக் காட்சிகள் ஆகியவற்றைப் பார்த்துத்தான் வந்தோம். நான் பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கங்களில் முதன்முதலாக வரைந்தவை, பெரிய கண்களும் காற்றில் பறக்கும் முடியும் கொண்ட ஜப்பானியப் பாத்திரங்கள். பார்த்துப் பார்த்து வரைந்ததால்தான் கை திருந்தியது. அதைக் ‘காப்பியடிப்பது’ என்று சொல்லிப் புத்தகத்தைப் பிடுங்கிய ஆசிரியரும் இருந்தார். என் தோழி ஒரு பேய்க்கதை எடுக்க ஆசைப்படுகிறாள்; இன்னொருவன் செவ்வாய்க் கிரகத்தில் நடக்கும் கதையைத் தகரத்தையும் செம்மண்ணையும் வைத்தே எடுத்துக் காட்டுவதாகச் சொல்கிறான். ஆனால் எந்தப் பட்டறைக்குப் போனாலும், “நீங்கள் தோட்டத்துப் பிள்ளைகள், உங்கள் தோட்டத்து வாழ்க்கையை எடுங்கள், அதுதான் உண்மை” என்கிறார்கள். நகரத்துப் பிள்ளை விண்வெளிக் கதை எடுத்தால் கற்பனை வளம் என்று பாராட்டுகிறவர்கள், எங்களிடம் மட்டும் ஏன் கண்ணீரைக் கேட்கிறார்கள்? எங்கள் கழகத்தில் இருவர் விலகியதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பேராக் மாநிலத்தவரான ஓவியர் லாட் தம் முதல் படக்கதை வெளிவந்தபோது 13 வயதுச் சிறுவர். 1979-இல் அவர் வெளியிட்ட ‘கம்போங் பாய்’ அவர் வளர்ந்த கம்பத்தை (மலாய்க் கிராமத்தை) பற்றியதுதான். ஈயம் தோண்டும் கப்பலும் ஆற்றுக் குளியலும் அதில் வருகின்றன. ஆனாலும் யாரும் இரக்கப்பட வேண்டும் என்று அவர் வரையவில்லை. சிரிக்கச் சிரிக்க வரைந்திருக்கிறார். தோட்டத்தைப் பற்றி அப்படி ஒன்றைச் செய்யச் சொன்னால் நான் இன்றைக்கே தொடங்குவேன்.

அதே நேரத்தில், நம்மவர்களைத் திரையில் பார்ப்பதன் பலத்தை நான் மறுக்கவில்லை. 2015-இல் வெளிவந்த ‘ஜகாட்’ என்ற மலேசியத் தமிழ்ப் படத்தைப் பின்னாளில் பார்த்தபோது, அதில் வரும் பிள்ளைகள் பேசிய தமிழ் எங்கள் வீட்டில் பேசுகிற தமிழாகவே இருந்தது. அதுவரை சினிமாத் தமிழ் என்றால் தமிழ்நாட்டுத் தமிழ் என்றே எண்ணியிருந்தேன். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியான மலாயில் எடுத்த படங்களைத் தனியாகவும் பிறமொழிப் படங்களைத் தனியாகவும் பிரித்ததற்குக் கலைஞர்களிடமிருந்து கடும் எதிர்ப்புக் கிளம்பியதும், பிறகு விதிகள் திருத்தப்பட்டுச் சிறந்த மலேசியத் திரைப்பட விருது அந்தத் தமிழ்ப் படத்துக்கே கிடைத்ததும் எனக்குப் பிறகுதான் தெரியும். தமிழில் எடுத்தாலும் இந்த நாட்டுப் படமாக மதிக்கப்படும் என்பது எங்களுக்குச் சாதாரண விஷயமில்லை.

கடைசியாக ஒன்று. “இதைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள்?” என்று அம்மா கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. ஊக்கப் பேச்சாளரை அழைப்பதைவிட, இந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவரின் மாதச் சம்பளச் சீட்டை அம்மாவிடம் காட்ட முடிந்தால் எங்கள் வீட்டில் நிறைய மாறும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்), பீடோர்

மகளே, உன் தோழியைப் பேய்க்கதை எடுக்கச் சொல். நான் வேலை செய்த தோட்டங்களில் அதற்குப் பஞ்சமே இருந்ததில்லை. இருட்டோடு இருட்டாக வேலைக்காட்டுக்குப் போன ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. தோட்டம் என்றால் துயரம் மட்டும்தான் என்பது தோட்டத்தில் இல்லாதவர்களுடைய எண்ணம்.

ஆசிரியை கேட்டதற்கு என் பதில் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. நான் சிறுவனாக இருந்தபோது, மலாயா அவசரகாலத்தின் (1948–1960) கடைசி ஆண்டுகளில், 1946-இல் தொடங்கப்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவின் படங்களை ஏற்றிக்கொண்டு அரசாங்க வண்டி எங்கள் தோட்டத்துக்கு வரும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வோம்; அங்கிருந்து பார்த்தால் எல்லோரும் இடக்கையால் சாப்பிடுவார்கள், எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும். அரசாங்கம் சொல்ல வந்த செய்தி எங்களுக்கு நினைவில் நிற்கவில்லை; பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் தண்ணீர்க் குடத்தோடு திரையில் நடந்துபோனபோது எழுந்த கூச்சல் மட்டும் இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு திருவிழா நாடகங்கள். விடியுமுன் மரம் வெட்டப் போய், மரத்தில் கட்டிய மங்குகளில் (கிண்ணங்களில்) சேர்ந்த பாலை எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள், மாலையில் கோயில் கொட்டகையில் வசனம் மனனம் செய்வார்கள். பரிசு கிடையாது, கூலி கிடையாது, செலவு கைக்காசு. ஆனால் நாடகத்துக்கு மறுநாள் காலை பெரட்டில் நின்றாக வேண்டும்! அங்கே வேலையை மேற்பார்க்கும் மண்டோரிலிருந்து பிள்ளைமடுவத்து (குழந்தைக் காப்பகத்து) ஆயா வரைக்கும் விமர்சகர்கள்தான். ராஜா வேடக்காரர் வசனத்தை விழுங்கியதை ஆறு மாதம் சொல்லிச் சிரிப்பார்கள். அழுகைக் காட்சி நன்றாக இருந்தால், பேசாமல் ஒரு வெற்றிலையை மடித்து நீட்டுவார்கள். அடுத்த ஆண்டும் அதே ஆள்கள் முன்வரிசையில் உட்காருவார்கள் என்பது நடிப்பவர்களுக்குத் தெரியும். இன்றைய மாணவர்களின் படத்தை ஈப்போவிலோ புத்ராஜெயாவிலோ முகம் தெரியாத நடுவர்கள் பார்க்கிறார்கள். மதிப்பெண் வருகிறது, முகம் வருவதில்லை. சொந்தத் தாத்தாவும் பக்கத்து வீட்டு அக்காவும் அந்தப் படத்தைப் பார்த்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இல்லை என்பார்கள்.

நம்மவர்களுக்கும் சினிமாவுக்கும் தூரம் என்று நினைக்கும் பெற்றோருக்கு ஒரு செய்தி: 1930-களில் வெளிவந்த முதல் மலாய்ப் படமான ‘லைலா மஜ்னுன்’ பி.எஸ்.ராஜ்ஹான்ஸ் என்ற இந்தியர் இயக்கியது, 1950-இல் மலாய்த் திரையுலகின் பெரும் நட்சத்திரமான பி.ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘பக்தி’ படத்தின் இயக்குநர் எல்.கிருஷ்ணன்.

மறுமொழி: ஒளியமைப்பாளர், கோலாலம்பூர்

தாப்பாத் தங்கைக்கு: அம்மாவிடம் நேர்மையாகவே சொல்லிவிடலாம். படம் எடுப்பது என்றால் இயக்குநரும் நடிகரும் மட்டும் என்று வீட்டில் நினைக்கிறார்கள். என் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு, ஒப்பனை, உடை, அரங்கம், மின்சாரம் என்று ஆள்கள் நிற்கிறார்கள். படப்பிடிப்பு முடிந்த பிறகு தொகுப்பு, நிறச்சீர்மை, வசனவரி என்று இன்னொரு கூட்டம் வேலை செய்கிறது. பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, நாள்கூலிதான். வேலை அதிகமாக வரும் மாதமும் உண்டு, வீட்டில் உட்காரும் மாதமும் உண்டு. முதலாளி ஊழியர் சேமநிதிக்குக் கட்டமாட்டார். நாமே தன்விருப்பமாகக் கட்டிக்கொள்ள வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் நிலைக்கிறார்கள். மேடைப்பேச்சைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் முதல் மழைக்கால மாதத்திலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள்.

படிப்பதற்கு, 1994-இல் தொடங்கப்பட்டு இப்போது அஸ்வாரா என்று அழைக்கப்படும் தேசியக் கலை அகாடமி கோலாலம்பூரில் இருக்கிறது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளியும் இருக்கிறது. நேர்முகத் தேர்வில் சான்றிதழ்க் கோப்பைவிட நீ செய்த வேலைகளைக் கேட்பார்கள். அந்த ஜப்பானியப் பாத்திரங்களையும் கொண்டுபோ.

கேள்வி கேட்டவர்: கலைக்கழக ஆசிரியை, சுங்கை சிப்புட்

எல்லோருக்கும் நன்றி. மாணவி எழுதியதைக் கழகத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன், பின்வரிசையில் கைதட்டினார்கள். இனித் தலைப்புக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். கிராணி ஐயா சொன்னதுபோல், தோட்டத்துக் கோயில் நிர்வாகத்திடம் பேசி, ஆடி மாதப் பூசை முடிந்த ஒரு சனிக்கிழமை இரவு மண்டபத்தில் மாணவர்களின் படங்களைத் திரையிட அனுமதி வாங்கியிருக்கிறேன். தரவரிசையும் கிடையாது, நடுவரும் கிடையாது. கத்தி வரையும் மாணவன் ஓவியங்களைச் சுவரில் மாட்டச் சம்மதிக்கவில்லை, ஆனால் கத்தியையும் தாள்களையும் ஒரு மேசையில் பரப்பி, யார் வந்து கேட்டாலும் காட்டுவதாகச் சொல்கிறான்.

இரண்டு சந்தேகங்கள். மண்டபம் மூன்று பக்கமும் திறந்தது, கூரை தகரம். அங்கே எப்படித் திரையிடுவது? அடுத்து, மாணவர்கள் தங்கள் படங்களில் தமிழ்நாட்டுச் சினிமாப் பாடல்களைச் சேர்த்திருக்கிறார்கள். அவற்றை என்ன செய்வது?

மறுமொழி: ஒளியமைப்பாளர், கோலாலம்பூர்

மூன்று பக்கமும் திறந்திருந்தால் இரவு எட்டு மணிக்கு முன் தொடங்காதீர்கள்; ஆடியில் ஏழரைக்குப் பிறகும் நம் வானத்தில் வெளிச்சம் இருக்கும். துணியை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள், ஒரே மடிப்பென்றால் வெளிச்சம் பின்னால் கசிந்து படம் மங்கிவிடும். சனி இரவு மழை பிடித்தால் தகரத்தின் கீழ் வசனம் எதுவும் கேட்காது என்பதால், எல்லாப் படங்களுக்கும் தமிழில் வசனவரி போட்டு, ஒரே கோப்பாக இணைத்து, ஒலியளவைச் சமப்படுத்தி வையுங்கள். இதையும் மாணவர்களையே செய்யச் சொல்லுங்கள். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும்.

சினிமாப் பாடல்களை எடுத்துவிடுங்கள். உரிமை இல்லாத பாட்டு இருந்தால் நாளைக்கு யூடியூபில் ஏற்றும்போது முடக்கப்படலாம். நேர்முகத் தேர்வில் காட்டும்போதும், உணர்ச்சியெல்லாம் பாட்டுடையதா உன்னுடையதா என்று கேட்பார்கள். உங்கள் ஊரில் உறுமி மேளக் குழு இல்லாமல் இருக்காது. அவர்கள் ஒத்திகை பார்க்கும் மாலையில் இரண்டு மாணவர்களை அனுப்பி, அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். கைப்பேசியை மேளத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஒலி உடைந்துவிடும்; பத்தடி தள்ளி, தரையில் படாமல், ஒரு நாற்காலியின்மேல் துண்டை விரித்து வைத்தால் சரியாக இருக்கும்.